சிவந்ததெல்லாம் பச்சை

குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஓவனின் கண்ணாடிக் கதவில் மூக்கு இடிக்கும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய், நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சிக்கொண்டிருக்கிறார் லிஃப்ட்காரர். உள்ளே ஒரு தகரத்தட்டு நிறையக் கோழித்துண்டுகளும் வெங்காயமும் குடமிளகாயும் சீறிக்கொண்டிருக்கின்றன. ஓவனுக்குச் சொந்தமான பல்பு எப்போதோ செத்துவிட்டது. புதிதாக ஒன்று போடக் கூடாதா என்று கேட்டேன். "பல்பு மேல இருந்துதான் அடிக்கும்க்கா. ஓரத்துல என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது" என்றார், திரும்பிப் பார்க்காமலே. நெற்றி விளக்கு என் பக்கம் திரும்பினால் ஓரத்துத் துண்டு எதையாவது ஒளித்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

இந்த மனிதரை நான் முதலில் பார்த்தது எங்கள் கட்டடத்து லிஃப்டின் கூரைமேல். கதவு திறந்திருந்தது, பெட்டி பாதி உயரத்தில் நின்றிருந்தது, அதன் தலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கீழே ஆறு மாடிப் பள்ளம். "வாங்கக்கா, ஏறுங்க, நல்லா காத்து வருது" என்று கூப்பிட்டார். எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர் அவர்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அப்படிப்பட்ட ஆள், கால் கிலோ கோழிக்கு முன்னால் வியர்த்து வழிகிறார் என்றால் யார் நம்புவார்கள்? நானும் முதலில் நம்பவில்லை. சிரித்தேன்கூட.

சிரிக்கிற விஷயமில்லை. அவர் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களுக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்து, "மூக்குக்கு நல்லா உக்காந்திருக்கு" என்று மனதாரப் பொய் சொல்வாள். போன வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. லிஃப்ட்காரர் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். பொருந்திவிட்டது. ஆனால் வந்த உறுப்பை உடம்பு அந்நியன் என்று விரட்டாமல் இருக்க அவள் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை, உடம்பின் காவல்காரர்களைத் தூங்கவைத்துவிடும். நம் வயிற்றை ஒருநாள் கடுக்கவைத்துவிட்டுப் போகிற கிருமி, அவளைக் கொண்டேபோய்விடலாம். "அரைவேக்காடு எதுவும் ஆகாது. பச்சைக் கறியை நீங்க கையால தொடவே வேண்டாம்" என்று டாக்டரம்மா அவளிடம் சொன்னார். அதைக் கேட்டு அவள் தலையாட்டினாள். அவர் அன்றைக்கே கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

அதற்கு முன் வெந்நீர்கூட வைத்தறியாதவர். என்ன சமைப்பது? ஆஸ்பத்திரிக் கூடத்தில் சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யில், யாரோ ஒரு பெண் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிப் புரட்டி, ஓவனுக்குள் தள்ளிக் கதவை மூடியதைப் பார்த்திருக்கிறார். ஃபஹீட்டா என்று அதற்குப் பெயர். அது அவருக்குப் பிடித்துப்போனது. "உள்ள ஏத்து, கதவ மூடு, பட்டன அழுத்து. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதானக்கா" என்றார். கறியை ஒருமுறை தொட்டால் போதும், கிளறக் கிளறத் தெறிக்காது என்பது அவருக்குப் பெரிய ஆறுதல்.

சிக்கனமாகவும் செய்வார். நெஞ்சுக்கறி வாங்குவதில்லை, தொடைதான். எலும்பை அவரே நீக்கிவிடுவார், அது மறுநாள் சாறுக்கு. குடமிளகாய் கடை மூடும் நேரத்தில் தோல் லேசாகச் சுருங்கியது மலிவாகக் கிடைக்கும். வெந்தபின் எது இளமை எது முதுமை என்று யார் கண்டார்கள்? பொட்டலத்தில் விற்கிற மசாலாவைத் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டு, "மிளகாத்தூளும் சீரகமும் பூண்டும்தான். மிச்சமெல்லாம் அட்டைக்குக் குடுக்கற காசு" என்று வைத்துவிட்டார். எண்ணெய், எலுமிச்சை, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. வெங்காயத்தை மெல்லிசாக நிறைய அரிந்து போட்டால் கொஞ்சம் கறியே தட்டை நிறைத்துவிடும். கறியும் அதே மாதிரி விரலைவிட மெலிதாக இருக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. நல்ல சூட்டில் வைத்தால் இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் ஓரங்கள் கருகத் தொடங்கும். அவர் அதற்கு மேலும் பத்து நிமிஷம் விடுவார். மெல்லிய ரொட்டியில் தயிர் தடவி, கறியை வைத்துச் சுருட்டித் தருவார். ருசி அபாரம். கொஞ்சம் தாடைபலம் வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வீட்டுக் குழாயைக் கையால் திறக்க விடமாட்டார், முழங்கையால்தான். கறி அரியும் பலகையை வேறு யாரும் தொடக் கூடாது. சோப்புப் போட்டுப் போட்டு அவர் விரல்கள் வெடித்துக் கிடக்கும். நான் கொண்டுபோய்க் கொடுத்த பிஸ்கட்டைக்கூட ஒரு தரம் புரட்டிப் பார்த்து, "வெந்துச்சாக்கா இது?" என்றார். அவர் மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. ஃபஹீட்டா என்ற பெயரை அவள் ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. "இன்னிக்கு எங்க வீட்ல பயந்துட்டா. வாங்கக்கா சாப்பிட" என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். அவர் அவளையே முறைத்து முறைத்துப் பார்ப்பதைப் பற்றிக் கேட்டால், "வீட்ட வாடகைக்கு விட்டவரு மாதிரிக்கா. தெனம் வந்து செவுத்தத் தட்டிப் பாத்துட்டுப் போறாரு" என்பாள்.

அவரிடம் ஒரு கருவி இருந்தது. துப்பாக்கி மாதிரி இருக்கும். லிஃப்ட் மோட்டார் காய்கிறதா என்று தூர நின்றே சுட்டுப் பார்க்கிற சூடுமானி. ஓவன் கதவைத் திறந்ததும் அதைத் தட்டுக்கு நேராக நீட்டி, துண்டு துண்டாகச் சுடுவார். எண் தெரியும். எண் சரியாக இருந்தால்தான் ரொட்டி வெளியே வரும். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடும். எனக்கும் அது பெரிய விஞ்ஞானமாகத்தான் பட்டது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாதி கறியை அரிந்துகொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து போன். ஏதோ கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள். மிச்சக் கறியை அவசரத்தில் பெரிது பெரிதாக வெட்டிப் போட்டார். வழக்கமான பத்து நிமிஷம் விடவில்லை. சூடுமானியால் சுட்டுப் பார்த்தார், எண் நன்றாகவே இருந்தது. மனைவிக்குச் சுருட்டிக் கொடுத்துவிட்டு ஓடினார்.

மறுநாள் மத்தியானம் என் கதவு தட்டப்பட்டது. கதவைத் தட்டியதும் முழங்கையாலா என்று கேலி செய்ய வாயெடுத்தேன். காலில் செருப்பில்லாமல் நின்றிருந்தார். கையில் ஒரு டப்பா.

"அக்கா, அவளுக்குக் குளிர்ஜுரம். தூக்கித் தூக்கிப் போடுது." டப்பாவைத் திறந்து காட்டினார். நேற்றைய மிச்சம், தடித்த துண்டு ஒன்று. பாதியாகப் பிய்த்திருந்தார். ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது. "பச்சையா குடுத்துட்டேன்க்கா. என் கையாலயே குடுத்துட்டேன்."

டாக்ஸியில் பின்சீட்டில் அவளை என்மேல் சாய்த்துக்கொண்டேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது, பற்கள் கிடுகிடுவென அடித்தன. ஜன்னலுக்கு வெளியே யாரோ பழம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. முன்சீட்டில் அவர் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியை அழுத்திக்கொண்டிருந்தார். "அந்த டப்பா எதுக்குங்க?" என்று அந்த நிலையிலும் அவள் முனகினாள். "அங்க போய்ப் பசிச்சா சாப்பிடவா?" அவர் மூடியை இன்னும் இறுக்கி அழுத்தினார்.

நர்ஸ் அவளை உள்ளே கொண்டுபோனதும் அவர் டப்பாவை நீட்டினார். "சிஸ்டர், இது சாம்பிள்." நர்ஸ் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "நாங்க ரத்தம், சிறுநீர்தாங்க வாங்குவோம். குழம்பெல்லாம் வாங்கறதில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

வெளியே நீளமான நடை. ஓரமாக இரும்பு நாற்காலிகள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். வந்தது வேறு யாருக்கோ. திரும்ப உட்கார்ந்தோம். அவர் டப்பாவைப் பார்த்தே பேசினார்.

"அந்த மெஷினு மேல்சூட்டத்தான்க்கா பாக்கும். மோட்டாருக்கு அது போதும். மோட்டாரு உள்ள காஞ்சாத்தான் வெளிய காயும். கோழி வெளிய காஞ்சு உள்ள வேகும். இது தெரியாம இத்தன நாள் சுட்டுட்டு இருந்திருக்கேன் பாருங்க, முட்டாள்."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். உயிரையே தொங்கவிடுகிற வேலை பார்க்கிறவர், இதற்குப் போய் இப்படி இடிந்துபோகலாமா என்கிற மாதிரி.

"லிஃப்டு விழாதுக்கா" என்றார். "எத்தன கயிறு தெரியுமா? ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கும். எல்லாம் அறுந்தாலும் பிரேக்கு பிடிக்கும். அதுவும் விட்டா, தண்டவாளத்தக் கவ்வற மாதிரி ஒரு பிடி இருக்கு. அதனாலதான் நான் மேல உக்காந்து பிஸ்கட் தின்னேன். இவளுக்கு என்ன இருக்கு? ஒண்ணே ஒண்ணு. அது போச்சுன்னா திரும்பக் குடுக்க என்கிட்டயும் ஒண்ணுதான் இருக்கு."

பயம் தொற்றுநோய் என்பார்கள். எனக்கு அந்த நாற்காலியில் நன்றாகவே தொற்றியது. அந்தக் கதவு திறக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. திறந்தால் என்ன சொல்வார்களோ.

டாக்டரம்மா வந்தார். சிறுநீரில் கிருமி என்றார். இந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு வரக்கூடியதுதான், சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஜுரம் கண்டதும் கூட்டிவந்தது நல்லதாகப் போயிற்று. கிட்னி தாங்குகிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். லிஃப்ட்காரர் டப்பாவை அவரிடமும் நீட்டினார். அவர் நின்று பார்த்தார். "இது குடமிளகாய்ச் சாயம் மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். நான் அந்தத் துண்டை வாங்கிப் பிய்த்தேன். சிவப்புக் குடமிளகாய் ஒட்டியிருந்த பக்கம்தான் அந்த நிறம். நடுவில் வெள்ளை வெளேர் என்று வெந்திருந்தது. காட்டினேன். பார்த்தார். நம்பவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, இவர் கண்ணுக்குச் சிவந்ததெல்லாம் பச்சை.

அந்த இரண்டு நாளும் அவர் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கிட்னி தாங்கியது. அவள் வீட்டுக்கு வந்தாள். ஓவனை ஒரு பழைய துணியால் மூடிவிட்டார்.

அதன்பின் அந்த வீட்டில் எல்லாமே குழைய வெந்தது. அரிசி, பருப்பு, காய் எதுவும் பார்த்தால் அடையாளம் தெரியாது. கோழி பக்கமே போகவில்லை, முட்டையும் நின்றது. "ஆஸ்பத்திரியில இருந்து தப்பிச்சுட்டேன், இந்தக் கூழ்ல இருந்து தப்பிக்க மாட்டேன் போலிருக்குக்கா" என்று அவள் சிரித்தாள். சிரித்தபோது கன்ன எலும்பு துருத்தியது. வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. டாக்டரம்மா எடை குறைகிறது என்று கண்டித்தார். நன்றாக வேகவைத்த கறி, முட்டை எல்லாம் கொடுக்கச் சொன்னார். வீடு திரும்பியதும் அவர் பருப்பை இன்னொரு விசில் விட்டார்.

அவளை உலுக்கியது வேறு. அவரோடு வேலை பார்க்கிற ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். லிஃப்ட் பள்ளத்தில் இறங்குவதற்கு முன் நிறுத்த வேண்டிய சுவிட்சை நிறுத்தாமலே இவர் இறங்கிவிட்டாராம். மேலே யாரோ பட்டனை அழுத்த, பெட்டி இறங்கத் தொடங்க, வந்தவர்தான் இவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாராம். "கண்ணு இங்க இருக்கு, ஆளு இங்க இல்ல, அண்ணி. லீவு போடச் சொல்லுங்க" என்றாராம். இதைச் சொல்லும்போது அவள் முதல்முறையாகச் சிரிக்கவில்லை.

"இப்ப எனக்குப் பயமா இருக்குக்கா. அவருக்கு என்னைய நெனச்சுப் பயம். எனக்கு அவரு பயத்த நெனச்சுப் பயம். இப்படியே போனா ரெண்டு பேர்ல யாரு முன்னாலன்னு போட்டிதான்." "நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணணும். நான் பச்சைக் கறியத் தொடக் கூடாது. நீங்க தொடலாமில்ல?"

மறுநாள் சாயங்காலம் நான் கோழி வாங்கிப் போனேன். குடமிளகாய் எல்லாம் சிவப்பாகவே வேண்டும், பச்சையில் ஒன்றுகூடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கிண்டலா, வீம்பா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாகக் கோழி அரிகிறவள் நான். அன்றைக்குத்தான் துண்டுக்குத் துண்டு கத்தியை நிறுத்திப் பார்த்தேன். காகிதம் மாதிரி மெலிதாக அரிந்தேன். குழாயை முழங்கையால் திறந்தேன், என்னை அறியாமலே. அவள் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உப்பு போட்டீங்களா, சீரகம் போட்டீங்களா என்று அதிகாரம் செய்தாள். பழைய துணியை எடுத்துவிட்டு ஓவனைப் போட்டோம். அவர் விடுகிற பத்து நிமிஷத்தையும் சேர்த்தே விட்டேன். உண்மையைச் சொன்னால், அதற்கு மேலும் விட்டேன்.

வாசனை படிக்கட்டுவரை போயிருக்க வேண்டும். அவர் ஓடி வரும் சத்தம் கேட்டது. வாசலில் நின்று தட்டைப் பார்த்தார். கறியும் வெங்காயமும் குடமிளகாயும் எல்லாமே சிவப்பு. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"யாரு வெட்டினது?"

"நான்தான்" என்றேன். திருடப் போய்ப் பிடிபட்டவள் குரல் எனக்கு.

"உள்ள பாத்தீங்களா? பிச்சுப் பாத்தீங்களா?"

"பிச்சேன். வெள்ளையா இருந்துச்சு."

"எல்லாத்தையுமா?"

அவள் எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. ரொட்டியை விரித்தாள், தயிர் தடவினாள், கறியை வைத்தாள். அவர் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் உள்ள வைக்கலாம்மா. கொஞ்ச நேரம். நான் பாத்துக்கறேன்."

"பாத்துட்டுத்தான் இருக்கீங்க" என்றாள் அவள். குரல் தணிந்திருந்தது. "எனக்கும் பயம் இல்லாமயா இருக்கு? தெனம் மாத்திரைய முழுங்கும்போது இருக்கு. காலைல கண்ணு முழிச்சதும் இருக்கு. ஆனா நீங்க குடுத்தது என்கிட்ட பத்திரமாத்தான் இருக்கு. அதுக்கும் பசிக்குமில்ல?"

அவள் சுருட்டி முடித்துத் தட்டில் வைத்தாள். தட்டு இருவருக்கும் நடுவில் இருந்தது. அவர் கை மேஜைமேல் மெதுவாக வந்து அதன் விளிம்பைப் பிடித்தது. தட்டு மேஜையில் கடகடவென்று அடித்தது. பிடுங்கிக் குப்பையில் கொட்டிவிடப் போகிறார் என்று நான் எழுந்தேவிட்டேன். அவர் அவளைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே தட்டை அவள் பக்கமாக நகர்த்தினார்.